கடன்காரர் மிரட்டலைச் சொல்லிக் கேட்ட பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டால்

கேள்வி: மலேசியாவில் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை நடத்த ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கினேன். வட்டி ஏறியது, கட்ட முடியவில்லை. வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள், என் அடையாள அட்டைப் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஆஸ்திரேலியா வந்து பாதுகாப்பு விசா கேட்டேன். "இது அகதிக் காரணம் ஆகாது, மலேசியப் போலீசிடம் போகலாம்" என்று மறுத்துவிட்டார்கள். மறுஆய்வு கேட்டால் பலன் இருக்குமா? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: முதலில் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். மறுப்பு கிடைத்த 28 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டாக வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இந்த வழக்குகளைக் கேட்பது இந்தத் தீர்ப்பாயம்தான். மின்னஞ்சலில் வந்த கடிதம் என்றால், அனுப்பிய நாளிலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகக் கணக்கு. நீங்கள் அதை எப்போது திறந்து படித்தீர்கள் என்று பார்க்க மாட்டார்கள். கெடுவை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. தடுப்புக்காவலில் இருப்பவர்களுக்குக் கெடு இன்னும் குறைவு. மனு போடும்போது கட்டணம் கிடையாது, தோற்றால் கட்டச் சொல்வார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். அகதி என்று ஏற்க, இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காக உங்களைத் துன்புறுத்துவார்கள் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். ஆலோங் துரத்துவது பணத்துக்காக. கடன்பட்டவர்களும் ஒரு சமூகக் குழுதான் என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு, பெரும்பாலும் எடுபடவில்லை. அப்பா வாங்கிய கடனுக்கு மகனைத் துரத்தினாலும் அதே நிலைதான். அப்பாவின் பயத்துக்கு அந்த ஐந்தில் ஒன்று காரணமாக இல்லையென்றால், குடும்பத்தவர் என்பதால் வரும் பயத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் புகார் கொடுக்கப் போனபோது, இந்த ஐந்தில் ஒன்றைக் காரணமாக வைத்துப் போலீஸ் பாதுகாப்பு தர மறுத்திருந்தால், வழக்கின் தன்மையே மாறும். மிரட்டியவரின் நோக்கம் தனிப்பட்டதாக இருந்தாலும், அரசு பாகுபாட்டோடு கைவிட்டால் அதுவும் கணக்கில் வரலாம் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2002-இல் ஒரு பாகிஸ்தான் பெண்ணின் வழக்கில் சொன்னது. ஆனால் இது நிஜமாகவே நடந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர் இருப்பது இரண்டாவது வழியில். அதைத் துணைப் பாதுகாப்பு என்பார்கள். இதில் அந்த ஐந்து காரணங்கள் தேவையில்லை. திருப்பி அனுப்பினால் கொலை, சித்திரவதை, கொடூரமான அல்லது இழிவான நடத்தை போன்ற பெரும் தீங்கு நேரும் நிஜமான ஆபத்து இருக்கிறதா என்பதே கேள்வி. அதோடு, நாட்டின் வேறு பகுதிக்குப் போய் நியாயமாக வாழ முடியுமென்றாலோ, அந்த ஆபத்தே இல்லாத அளவுக்கு அதிகாரிகள் பாதுகாப்புத் தருவார்கள் என்றாலோ விசா கிடையாது. உங்கள் மறுப்புக் கடிதத்தில் போலீசைப் பற்றி எழுதியது இதற்காகத்தான். வேறு ஊரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். மறுஆய்வில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பத்திகளுக்கு. கடன் எவ்வளவு பெரியது என்று மறுபடி விளக்குவதால் மட்டும் ஒன்றும் நகராது.

மலேசியாவில் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951-ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். அதனால் "சட்டம் இருக்கிறதே, ஏன் போகவில்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். போலீஸ் ரிப்போர்ட் போட்டிருந்தால் நகல் வாங்குங்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது இன்னும் முக்கியம்: யாரையாவது பிடித்தார்களா, மிரட்டல் நின்றதா, கூடியதா? ரிப்போர்ட் போடவில்லை என்றால் ஏன் என்று நேராகச் சொல்லுங்கள்.

கேள்விகள் ரொம்பச் சாதாரணமாக வரும். யாரிடம் வாங்கினீர்கள், எந்த மாதம், எவ்வளவு, எத்தனை தவணை கட்டினீர்கள்? கடைசி மிரட்டல் எப்போது? அம்மா இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா, அவரை யாராவது தேடி வந்தார்களா? சாபாவுக்கோ பினாங்குக்கோ போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இங்கே சம்பாதித்து ஏன் அடைக்கவில்லை? வந்தவுடன் விண்ணப்பிக்காமல் ஏன் இத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? கடைசிக் கேள்வியில் தடுமாறி நம்பகத்தன்மையை இழப்பவர்கள் நிறைய. வாட்ஸ்அப் செய்திகளைத் தேதி, எண் தெரியும்படி சேமித்து, மலாய் அல்லது தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு கொடுங்கள். சாயம் ஊற்றிய படம், வங்கிக் கணக்கு விவரம், பார்த்தவர்களின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் உதவும்.

முன்பு சொல்லாத புது விஷயத்தை மறுஆய்வில் கொண்டு வந்தால், ஏன் தாமதம் என்பதற்கு நியாயமான விளக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அதையே உங்களுக்கு எதிராக எடுப்பார்கள். எனவே முதல் விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டது என்று இப்போதே படியுங்கள். நகல் இல்லையென்றால் தகவல் சுதந்திரச் சட்டத்தில் உள்துறையிடம் கேளுங்கள், சொந்தக் கோப்புக்குக் கட்டணம் இல்லை. ஏஜென்ட் ஒரே கதையைப் பலருக்கும் எழுதிக் கொடுக்கும் கொடுமை நம்மவர்களிடையே நடக்கிறது. உங்கள் பெயரில் பொய் எழுதப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள், ஒரு வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள். மெல்பர்னில் ரெஃபியூஜி லீகல், அடைக்கலம் கோருவோர் வள மையம் ஆகிய இடங்களில் இலவச உதவி கேட்கலாம். காசு கொடுத்து ஏஜென்ட் வைப்பதானால் அவருடைய பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: கடனை மட்டும் வைத்து வந்த வழக்குகளில் வெற்றி அரிது. போலீஸை நாடியும் பலன் இல்லை, ஊர் மாறியும் தேடி வந்தார்கள் என்று காட்ட முடிந்தால் போராடுங்கள். தீர்ப்பாயமும் மறுத்தால் 35 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம், ஆனால் அங்கே சட்டப் பிழையை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்தபடி இன்னொரு பாதுகாப்பு விசா கேட்கவும் பொதுவாக முடியாது. திரும்பிப் போக முடிவெடுத்தால் இணைப்பு விசா (வழக்கு முடியும்வரை தங்கத் தரும் தற்காலிக விசா) உயிரோடு இருக்கும்போதே புறப்படுங்கள். அது முடிந்த பிறகும் விசா இல்லாமல் தங்கிவிட்டுப் போனால், பல தற்காலிக விசாக்களுக்கு மூன்று வருடத் தடை விழலாம்.