அகதிகளைத் தங்கவைக்கும் மையத்துக்குள் வெளியாட்களை விட்டால் பாதுகாப்பு கெட்டுப்போகாதா?

விடத்தான் வேண்டும். யாரை, எப்படி விடுவது என்பதில்தான் வம்பு.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வர ஒரே பாதை, அதில் ஒரு கேட்டு. ஜாகா (காவலாளி) உட்காரும் கொட்டகையில் கோடு போட்ட நோட்டு ஒன்றும், நூலில் தொங்கும் பென்சிலும் இருக்கும். சைக்கிளில் துணி மூட்டையோடு வருகிறவர், கல்யாணத்துக்கு வரும் மாமா என்று எல்லாரும் பேர் எழுத வேண்டும். துணிக்காரர் உள்ளே போய்விடுவார். தொழிற்சங்கத்து ஆள் வந்தால் மட்டும், "மானேஜர் இல்லை, நாளைக்கு வாங்க." அந்த நாளை வந்ததே இல்லை. அப்பா அவர்களைப் பார்க்க ரோட்டோரக் கள்ளுக்கடைக்குப் போவார். (சங்கத்துக்காகப் போகிறாரா, கள்ளுக்காகப் போகிறாரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம்.)

அதனால்தான் "பாதுகாப்புக்காக வெளியாட்களுக்குத் தடை" என்று யாராவது சொன்னால், யாருடைய பாதுகாப்பு என்று கேட்கத் தோன்றும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 1992 ஆகஸ்டில் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் ஒரு கும்பல் அகதிகள் மையத்தை நாள்கணக்கில் கல்லால் அடித்தது. அகதிகளை அப்புறப்படுத்திய பிறகு, பக்கத்திலேயே வியட்நாமியத் தொழிலாளர்கள் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூறு பேருக்கு மேல். கூரை வழியாகத்தான் தப்பினார்கள். ஆள்கடத்தல்காரர்களும், சொந்த நாட்டு அரசின் உளவாளிகளும்கூட இப்படிப்பட்ட இடங்களைத் தேடி வரக்கூடும். ஆகவே பேர் எழுதுவது, பையைச் சோதிப்பது, முகத்தைப் படம் எடுக்கவிடாதது எல்லாம் ஞாயம்தான்.

ஆனால் அதே ஜெர்மனியில், பர்பாக் என்ற ஊரின் மையத்தில் காவலாளிகளே அகதிகளைக் கொடுமைப்படுத்தினார்கள். கீழே கிடந்த ஒருவரின் கழுத்தில் காவலாளி பூட்ஸ் காலை வைத்து நிற்கும் படம் 2014இல் வெளியே வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வேலி தாண்டி வந்தவன் செய்ததல்ல அது, சம்பளம் வாங்கிக் காவல் நின்றவன் செய்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதியில் இதற்கு ஒரு வரையறை உண்டு. குடும்பத்தார், வழக்கறிஞர், ஐ.நா. அகதிகள் ஆணையம், தொண்டு அமைப்புகள் ஆகியோரை மையத்துக்குள் விட வேண்டும். இடத்தின் பாதுகாப்பு, அங்கே தங்கியிருப்பவர்களின் பாதுகாப்பு, இவற்றுக்காக மட்டுமே கட்டுப்படுத்தலாம். நிர்வாகத்தின் வசதி ஒரு காரணமாக அதில் இல்லை.

நம் மலேசியாவுக்கு வருவோம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவில்லை. வரவேற்பு மையம் என்று ஒன்று கிடையாது, குடிநுழைவுத் தடுப்பு முகாம்தான். பிழைக்க வந்தவரானாலும் உயிருக்குப் பயந்து வந்தவரானாலும் சட்டத்துக்கு ஒன்றே. பிரித்துப் பார்ப்பது ஐ.நா. ஆணையம் பேசிப் பார்த்துக் கொடுக்கும் யூஎன் கார்டு. ஆனால் 2019 ஆகஸ்டிலிருந்து ஆணையத்தைத் தடுப்பு முகாம்களுக்குள் விடுவதில்லை. உள்ளே போய்ப் பேச முடியாவிட்டால் யார் அகதி என்று தெரியாது. அது தெரியாமல் விடுதலை கேட்கவும் வழியில்லை.

சரி, வெளியாட்களைத் தடுத்ததால் பாதுகாப்பு கூடியதா? 2022 ஏப்ரல் 20ஆம் தேதி சுங்கை பாக்காப் தடுப்பு முகாமிலிருந்து, மியன்மாரைச் சேர்ந்த 528 ரோஹிங்யாக்கள் தப்பினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆறு பேர் அடிபட்டுச் செத்தார்கள், அதில் இரண்டு குழந்தைகள். 2024 பிப்ரவரி 1 இரவு எங்கள் பீடோரிலேயே ஒரு தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பினார்கள், ஒருவர் வாகனம் மோதி இறந்தார். அந்த முகாம் முன்பு தேசியச் சேவைப் பயிற்சிக்கு இருந்த இடம். அன்று வாட்ஸ்அப்பில் "கதவைப் பூட்டுங்க" என்று ஒரே குரல்பதிவு. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கிடந்த சிலிப்பரைக்கூட உள்ளே எடுத்து வைத்தார். மறுநாள் கடையில் வேலி எத்தனை அடி என்றுதான் பேச்சு. எத்தனை மாதமாக உள்ளே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பார்வையாளர் அறை, வாரத்தில் குறித்த நாள், காவலாளி கையில் இல்லாத ஒரு புகார்ப் பெட்டி போதும். அப்புறம் ஒன்று, வந்தவரைப் பார்க்க உள்ளே இருப்பவருக்கு விருப்பம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கள் கேட்டில் சங்கத்து ஆளைத் திருப்பி அனுப்பிய ஒரு தடவைகூட, பார்க்கிறாயா என்று அப்பாவிடம் யாரும் வந்து கேட்டதில்லை.