டி90ஐ விட்டுவிடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2010இல் வாங்கிய நிக்கான் டி90 கேமரா என்னிடம் இருக்கிறது. அதோடு வந்த 18-105 லென்ஸைத்தான் இன்றுவரை மாட்டியிருக்கிறேன். 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஜூம் இல்லையே என்று பீரோவில் வைத்துவிட்டேன். பத்து வருடமாக எங்கள் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தைப் படம் எடுத்து வருகிறேன். பகல் படங்கள் எனக்கே பிடிக்கின்றன. இரவுப் படங்கள் பத்துக்கு எட்டு வீண். ஒன்று, படத்தில் ஆட்டக்காரரின் உருவம் கலங்கிப்போய்விடுகிறது. இல்லையென்றால் முகமெல்லாம் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது.

நண்பர் ஒருவர் தன் நிக்கான் டி7500 கேமராவை 35,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இன்னொருவரோ, ‘டி90 கலரில் ஒரு உயிர் இருக்கும், புதுசில் எல்லாம் பிளாஸ்டிக்’ என்று குழப்புகிறார். நீங்கள் இரண்டும் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஆமாம், இரண்டும் இருக்கின்றன. டி90இன் பிடியில் இருக்கும் ரப்பர் உப்பிக் கழன்றுவிட்டது. பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். உங்களுடையதும் இந்நேரம் அப்படித்தான் ஆகியிருக்கும்.

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பகல் படங்கள் பிடிக்கின்றன என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாரதப் போரின் கடைசி நாளைக் காட்டும் பதினெட்டாம் போர் கூத்துக்கு இரண்டு கேமராவையும் தூக்கிக்கொண்டு போனேன். விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் படுகளமும் எடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான், சுற்றி ஊரே நிற்கிறது. ஒரே லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், எது எந்த கேமரா என்று கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

இதில் வியப்பே இல்லை. டி90 2008இல் வந்தது, 12.3 மெகாபிக்சல். டி7500 2017இல் வந்தது, 20.9. கேட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு மாதிரி இருக்கும். ஆனால் படத்தின் அகலத்தைப் பாருங்கள்: டி90இல் 4288 புள்ளி, டி7500இல் 5568 புள்ளி. முப்பது சதவீதம்தான் கூடுதல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து அச்சடித்தாலும் டி90 படம் பதினான்கு அங்குல அகலத்துக்கு வரும். ஏ4 தாளுக்கு அதுவே மிச்சம். வாட்ஸாப்பில் அனுப்பும் படத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

கலருக்கு உயிர் இருக்கிறது என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. பழகிய சாம்பார்தான் நல்ல சாம்பார். கேமரா தானாகச் செய்து தரும் ஜேபெக் படத்தில் இரண்டுக்கும் நிற வித்தியாசம் உண்டுதான். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சமையல் குறிப்பின் வித்தியாசம். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா கோப்பாக எடுத்து, ஒரே மென்பொருளில் ஒரே மாதிரி பதப்படுத்தினால் அந்த உயிர் இரண்டிலும் வந்துவிடுகிறது. பெயர் எழுதாமல் நாலு அச்சுப் படங்களை வீட்டில் மேசைமேல் பரப்பி, பழைய கேமரா எது என்று கேட்டேன். மனைவி இரண்டைத் தவறாகச் சொன்னாள். மறுநாள் நானே கலைத்துப் போட்டுப் பார்த்தேன், எனக்கும் ஒன்று தப்பியது.

சரி, இரவுக்கு வருவோம்.

கூத்தில் ஆட்டக்காரர் சுழலும்போது படம் கலங்காமல் இருக்க 1/250 நொடியாவது வேண்டும். உங்கள் 18-105 லென்ஸை ஐம்பது மி.மீ.க்கு இழுத்தால் அதன் வாய் அதிகபட்சம் எஃப் 5 வாக்கில்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்). அந்த டியூப்லைட் வெளிச்சத்தில், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை 1600இல் வைத்தால் 1/30 நொடி கிடைக்கும். கலங்காமல் என்ன செய்யும்? ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/60. கலக்கம் கொஞ்சம் குறையும், மணல் வந்துவிடும். நீங்கள் எழுதிய இரண்டு குறையும் ஒரே குறைதான்: உள்ளே வரும் வெளிச்சம் போதவில்லை.

இப்போது பீரோவைத் திறங்கள். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 5ஐவிட ஏழெட்டு மடங்கு வெளிச்சம் விடும். அதே கேமரா, அதே ஐஎஸ்ஓ 1600, அதே விளக்கு. 1/30 இருந்த இடத்தில் 1/250 வந்துவிடும். ஜூம் இல்லாததற்கு நாம்தான் நாலடி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். கூத்து நடக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளை மிதிக்காமல் நடப்பது ஒரு தனிக் கலை, அதைப் பத்து வருடத்தில் கற்றிருப்பீர்கள்.

கேமராவை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? என் கண்ணுக்கு டி90இல் 1600 எப்படி இருக்கிறதோ, டி7500இல் 6400 ஏறக்குறைய அப்படி இருக்கிறது. அதாவது நாலு மடங்கு. பீரோவில் சும்மா இருக்கும் லென்ஸ் ஏழெட்டு மடங்கு தருகிறது, 35,000 ரூபாய் கேமரா நாலு மடங்கு தருகிறது. நான் முதலில் லென்ஸைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் லென்ஸோடு கதை முடியாது. எஃப் 1.8இல் கிட்டத்தில் போய் எடுத்தால், கட்டியங்காரனின் மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும். பக்கத்தில் கொஞ்சம் பின்னால் நிற்கும் துச்சாதனன் மங்கிப்போவான். ஒற்றை ஆள் படத்துக்கு அது அழகு. வாக்குவாதக் காட்சிக்கு உதவாது. இரண்டு முகமும் வேண்டுமென்றால் லென்ஸின் வாயைக் கொஞ்சம் மூட வேண்டும், மூடினால் வெளிச்சம் போய்விடும். இங்கேதான் டி7500இன் நாலு மடங்கு வேலை செய்கிறது. அதே 50 லென்ஸை மாட்டி, 6400 வைத்து, 1/250ஐ விடாமல் எஃப் 3.5 வரை மூடிக்கொள்ளலாம். திரௌபதியும் துச்சாதனனும் ஒரே சட்டகத்தில் இரண்டு பேராகவே இருப்பார்கள். புது கேமரா எனக்குக் கொடுத்தது உண்மையில் இந்த ஒரு வகைப் படத்தைத்தான். டி90 வைத்திருந்த காலத்தில் அப்படிப்பட்ட காட்சி வரும்போது கேமராவை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது நன்மை ஃபோக்கஸ். டி90இல் ஃபோக்கஸ் பிடிக்கும் புள்ளி பதினொன்று உண்டு, ஆனால் இருட்டில் நம்பத் தகுந்தது நடுப்புள்ளி ஒன்றுதான். அதனால்தான் நம் பழைய படங்களில் எல்லாரும் நட்ட நடுவில் நிற்கிறார்கள்! டி7500இல் 51 புள்ளி. டி90 தடுமாற ஆரம்பிக்கும் வெளிச்சத்தில் கால்வாசி இருந்தாலும் அது பிடித்துவிடும். திரைக்குப் பின்னாலிருந்து கிரீடம் மட்டும் மேலே தெரியும் அந்த நேரத்தில் இந்த வித்தியாசம் புரியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், கூத்து எடுப்பவர்களுக்குப் பெரிய விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/250இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். நான் பல நாள் என் டி90 கெட்டுவிட்டது என்று நினைத்துப் பழுது பார்க்கும் கடையில் கொடுத்து, அவர்களும் எதையோ துடைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார்கள். கெட்டது கேமரா இல்லை, விளக்கின் குணம் அது. டி7500இல் இந்த மினுக்கலைக் கவனித்து, பிரகாசிக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி இருக்கிறது. மெனுவில் போய் நாம்தான் அதை இயக்க வேண்டும். கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகள் வெளுத்துப் போகாமல், பிரகாசமான இடத்தை மட்டும் வைத்து வெளிச்சம் அளக்கும் முறையும் அதில் உண்டு.

டி7500இன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய டி7200இல் இரண்டு நினைவக அட்டை போடலாம், இதில் ஒன்றுதான். பின்திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோக்கஸ் மெதுவாகத்தான் நகரும். 4கே காணொளி எடுத்தால் சட்டகத்தின் ஓரங்களை வெட்டிவிடும். 50 லென்ஸ் இன்னும் கிட்டத்தில் போய்விடும். காணொளி எடுத்த முதல் டிஎஸ்எல்ஆரே (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஜிட்டல் கேமரா) உங்கள் டி90தான், தெரியுமா? 720பி, ஐந்து நிமிடம், ஒற்றைச் செவிக் குரல். கூத்தில் ஊதும் முகவீணையை அதில் பதிவு செய்து கேட்டிருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள்.

யாராவது ‘இந்தக் காலத்தில் போய் டிஎஸ்எல்ஆரா, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கள்’ என்பார்கள். 2020க்குப் பிறகு நிக்கான் புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை என்பது சரிதான். ஆனால் உங்கள் 50டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்புகிறது. நிக்கானின் மிரர்லெஸ் கேமராவில் அவர்களுடைய இணைப்பு வளையத்தைப் போட்டு மாட்டினால் அந்த லென்ஸுக்குக் கையால்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். டி3500, டி5600 போன்ற சின்ன டிஎஸ்எல்ஆர்களிலும் அந்த மோட்டார் இல்லை. டி7500இல் இருக்கிறது.

ஆகவே இப்போதே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் 50ஐ எடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பீரோவில் இத்தனை வருடம் இருந்ததில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. படராமல் இருந்தால் டி90இல் மாட்டி, சித்திரையில் முதல் இரண்டு கூத்தை ஐஎஸ்ஓ 1600இலேயே முழுக்க எடுங்கள். ஒற்றை ஆள் படங்களே போதும் என்று தோன்றினால் விஷயம் அதோடு முடிந்தது. இரண்டு பேர் காட்சிகளில் ஒருவர் மங்கிப்போவது உறுத்தினால் நண்பரிடம் போங்கள்.

போனால், அவர் கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தை வாங்கி, ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று எக்ஸிஃப் (படத்தோடு சேர்ந்து பதிவாகும் விவரம்) காட்டும் செயலியில் பாருங்கள். கல்யாண வேலைக்கு ஓடிய கேமரா என்றால் அந்த எண்ணே சொல்லிவிடும். எஃப் 16 வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். விலை பேசுவதற்கு முன்னால் ஒரு ராத்திரிக் கூத்துக்கு இரவல் கேட்டுப் பாருங்கள். உங்கள் டி90 பேட்டரி அதற்குப் பொருந்தாது, சார்ஜரையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய அட்டை 64 ஜிபி என்றால் அதை டி90இல் போட வேண்டாம், அது 32 ஜிபி வரைக்கும்தான்.

அன்புடன்.