கேள்வி - பதில்: நேதாஜி படையை எதிர்த்த தளபதி

கேள்வி: இம்பாலில் நேதாஜியின் படையை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மையா சிறந்த தளபதி என்று எழுதினீர்கள்? என் தாத்தா ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர். மனசு வலித்தது.
- வாசகர், சிவகங்கை

பதில்: மலேயா ரப்பர் தோட்டங்களை விட்டுவிட்டுத் துப்பாக்கி தூக்கிய தமிழர்களை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்லிம் தன் நினைவுக் குறிப்புகளில் ஐ.என்.ஏ.வை இளக்காரமாகத்தான் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

ஆனால், அவருடைய பதினான்காவது ராணுவத்திலும் பெரும்பான்மை இந்தியர்கள்தான். அந்தச் சிப்பாய்களை அவர் வைத்துக்கொண்ட விதத்துக்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். 1891-ல் பிரிஸ்டலில் பிறந்தவர். வாத்தியார், குமாஸ்தா வேலை எல்லாம் பார்த்துவிட்டு முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனார். துருக்கியின் கலிபோலியில் குண்டடி பட்டது. அப்புறம் கூர்க்கா ரெஜிமெண்ட். சிப்பாய்களிடம் உருதுவிலும் கூர்க்காலியிலும் பேசுவார்.

1942-ல் பர்மாவில் ஜப்பானியர்களிடம் தோற்று, சுமார் 900 மைல் பின்வாங்கி வந்தது அவர் படை. அதை அவர் மறுபடி நிமிர்த்திய கதைதான் முக்கியம். 1943-ல் காயம்பட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், நோயில் விழுந்து 120 பேர் போனார்கள். மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை இருந்தும் பலர் விழுங்குவதில்லை. ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். 95 சதவீதம் பேராவது மாத்திரை சாப்பிட்டிருக்காவிட்டால், அந்தப் படைப்பிரிவின் அதிகாரிக்குப் பதவி போகும். மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. விமானத்திலிருந்து சாமான் இறக்கப் பாராசூட் போதவில்லை. கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைப் பிடித்து, சணலிலேயே செய்ய வைத்தார். 20 பவுண்டுக்கு மேல் விலைபோன பொருள், ஒரு பவுண்டு சொச்சத்தில் கிடைத்தது.

1944-ல் கோஹிமாவுக்கு ஜப்பான் ஒரு ரெஜிமெண்டைத்தான் அனுப்பும் என்று கணக்குப் போட்டார். வந்ததோ அதைவிடப் பல மடங்கு பெரிய முழு டிவிஷன். அந்தக் கணக்குத் தப்பு என்னுடையது என்று பிற்பாடு அவரே எழுதினார். ஜெயித்த தளபதிகளிடம் இதை நான் அதிகம் பார்த்ததில்லை.

1945-ல் ஜப்பானியர்களை ஏமாற்ற வடக்கே ஒரு போலித் தலைமையகத்தை வயர்லெஸ்ஸில் பேச விட்டு, தெற்கே ஐராவதி ஆற்றைக் கடந்து மத்திய பர்மாவின் மெய்க்திலா நகரைப் பிடித்தார். மே மாதம் ரங்கூனும் விழுந்தது. அதே மாதத்தில் மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கப் பார்த்தார். படைக்குள் கொந்தளிப்பு எழுந்து, உத்தரவு ரத்தானது. கடைசியில் பதவி போனது லீஸுக்கு. அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்லிம்.