வனவியல் படிப்பு பெண் பிள்ளைக்கு ஆகுமா?

ஆச்சி, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் வனவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், காட்டில் தனியாக எப்படி விடுவது என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயம்தான். ஆனால் வனத்துறை வேலை யானைக் காட்டோடு முடிவதில்லை, நம் ஊர்க் கண்மாய் வரை வருகிறது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பாருங்கள். 1977 முதல் அரசு பாதுகாப்பில் இருக்கிறது. பறவைகள் மிரளக் கூடாதென்று அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஒத்துழைப்பு இல்லாமல் சட்டம் மட்டும் அங்கே எதையும் காப்பாற்றியிருக்காது.

எல்லா இடமும் அப்படி இணக்கமாக இருக்காது. புதுக்கோட்டை வட்டாரத் தைலமரக் காடுகள் அரசின் வனத்தோட்டக் கழகம் வளர்ப்பவை. அவற்றால் மழைத்தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர்வதில்லை என்று விவசாயிகள் வருத்தப்படுகிறார்கள். கண்மாய்க்கும் பல பொறுப்பாளர்கள்: உள்ளே சமூகக் காடு வளர்ப்பில் கருவேல மரம் நட்டது வனத்துறை. தண்ணீரோ, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய் பாயும் நிலம்) என்றால் நீர்வளத்துறை பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பொதுநிலம் ஊருக்குப் பயன்பட, இத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேசத் தெரிந்த அதிகாரி வேண்டும். மகளுக்கு மரம், பறவை பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க்காரர்களிடம் பொறுமையாகப் பேசப் பிடிக்குமா? அதை முதலில் கேளுங்கள்.

பிடிக்கும் என்றால், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் வனவியல், நான்கு வருஷம். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கை வழியாகத்தான், நீட் வேண்டாம். அப்புறம் டிஎன்பிஎஸ்சி மூலம் வனத்தொழில் பழகுநர் (வனச்சரகர் ஆவதற்கான பயிற்சிப் பதவி), உதவி வனப் பாதுகாவலர் பதவிகள். மேலே, மத்திய அரசின் யுபிஎஸ்சி தேர்வு வழியாக இந்திய வனப்பணி. அதில் பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். இப்போதிருந்தே காலையில் நடக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன், பணியிடங்கள் குறைவு. தேர்வு கைகூடாவிட்டாலும் வங்கி வேளாண் அலுவலர் தேர்வுக்கு வனவியல் பட்டம் செல்லும். விவசாயிகள் நிலத்தில் மரம் வளர்க்கும் காகித ஆலைகளின் பண்ணைக்காடு திட்டங்களிலும் வேலை உண்டு.

இடம் கிடைக்காமல் போகலாம், அதனால் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அதை முடித்தாலும் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம்.