600 பெரிதா, 520 பெரிதா? கார் பேட்டரியின் சிசிஏ எண்ணைப் படிப்பது எப்படி

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஏழு வருடமாக ஓடும் டீசல் கார். மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. மதியம் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரிக்கு நாலு வயது. அதன் மேல் ‘சிசிஏ 500 இஎன்’ என்று போட்டிருக்கிறது. கடையில் இரண்டு பேட்டரி காட்டினார்கள். ஒன்றில் ‘சிசிஏ 520 எஸ்ஏஇ’, இன்னொன்றில் ‘சிஏ 600’. எல்லாமே 60 ஏஎச்தான். 600 போட்டது விலையும் குறைவு. எதை வாங்கட்டும்?”

அந்த இரண்டில் 520 போட்டதை வாங்குங்கள். 600 என்று இருப்பதுதான் உண்மையில் சக்தி குறைந்தது.

சிசிஏ என்பது கடுங்குளிரில் பேட்டரி எவ்வளவு கரண்ட்டைத் தள்ளும் என்று சோதித்துப் போடும் எண். எஸ்ஏஇ என்ற அமெரிக்க முறையில், முழு சார்ஜில் உள்ள பேட்டரியை மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரவைத்து, 30 விநாடி தொடர்ந்து கரண்ட் எடுப்பார்கள். அப்போதும் வோல்ட் 7.2-க்குக் கீழே இறங்கக் கூடாது. 520 ஆம்பியர் வரை தாங்கினால் 520 என்று அச்சடிக்கலாம். சிஏ என்பதிலும் இதே சோதனைதான், ஆனால் பூஜ்யம் டிகிரியில். குளிர் குறைவு, அதனால் எண் தானாகவே பெரிதாக வரும். சிஏ எண்ணை 1.25-ஆல் வகுத்தால் சிசிஏ தோராயமாகக் கிடைக்கும். உங்கள் 600 அப்படி 480 ஆகிறது. உங்கள் பழைய பேட்டரியின் 500-ஐவிட அது குறைவு.

பழைய பேட்டரியில் இருக்கும் இஎன் ஐரோப்பிய முறை. அதில் 10 விநாடி முடிவில் 7.5 வோல்ட் இருக்க வேண்டும். இஎன் 500-ம் எஸ்ஏஇ 520-ம் ஏறத்தாழ ஒன்றுதான். பழைய ஜெர்மன் முறையான டின் மட்டும் ஆளை ஏமாற்றிவிடும். அது 30 விநாடிக்குப் பிறகும் 9 வோல்ட் கேட்கும் கறாரான சோதனை என்பதால், எஸ்ஏஇ-யில் 450-க்கு மேல் வரும் பேட்டரிக்கு அதில் 280 அளவில்தான் எண் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் எந்த முறை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முறையே எழுதாத எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரியில் மைனஸ் 18 வருவதே இல்லையே, பிறகு இந்த எண் எதற்கு என்று கேட்கலாம். சில விநாடிகளில் மொத்த பலத்தையும் கொட்டும் திறன் பேட்டரிக்கு இருக்கிறதா என்பதை இந்த எண்தான் சொல்லும். ஏஎச் என்பது பேட்டரி மொத்தம் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற எண், அது இதைச் சொல்லாது. 27 டிகிரியில் இருக்கும் பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பூஜ்யம் டிகிரியில் மிஞ்சும். அதே குளிரில் இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்குச் சுமை கூடும். போதாததற்கு டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசல் பற்ற வேண்டும், அதற்கு வேகமாகச் சுற்ற வேண்டும். உங்கள் கார் காலையில் முரண்டு பிடிப்பதும் மதியம் ஒழுங்காக எடுப்பதும் இதனால்தான்.

ஆனாலும் பேட்டரிதான் குற்றவாளி என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கேபிள்களைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்குங்கள். இந்த ஒரு வேலையிலேயே சரியான வண்டிகள் பல. அடுத்து ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பிறகு வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 10.5-க்கு மேலேயே நின்றும் செல்ஃப் திணறினால் கோளாறு எர்த் கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கலாம். புது பேட்டரி போட்டாலும் அதே கதைதான். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவில்லை என்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் என்றால், ஹீட்டர் பிளக்கும் (ஸ்டார்ட் செய்யும்போது டீசல் இன்ஜினைச் சூடேற்றுவது) செல்ஃபும் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறவே நேரம் இருக்காது. நல்ல பேட்டரிகூட இதனால் படுத்துவிடும். ஒருநாள் தனிச் சார்ஜரில் போட்டு முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சோதியுங்கள்.

கடையில் சின்ன டிஜிட்டல் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதில் ‘500’ என்பதோடு ‘இஎன்’ என்பதையும் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். ‘டின்’ என்று இருந்துவிட்டால் நல்ல பேட்டரியையும் ‘மாற்று’ என்று சொல்லிவிடும்.

கார் கேட்பதைவிடக் கூடுதல் சிசிஏ இருந்தால் கெடுதல் இல்லை. செல்ஃப் தனக்கு வேண்டிய கரண்ட்டை மட்டும்தான் எடுக்கும். மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். சென்னை, மதுரை, வேலூர்க்காரர்களுக்கு அது தேவையில்லை. அங்கே பேட்டரியைத் தின்பது வெயில். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதே பெட்டிக்குள் சிசிஏ-யை ஏற்ற மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குவது வழக்கம், அவை சூட்டைத் தாங்குவது குறைவு. சமவெளியில் இருப்பவர்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை நீண்ட வாரண்டிக்குக் கொடுக்கலாம்.

சிக்னலில் தானே இன்ஜினை நிறுத்தும் வசதி உங்கள் காரில் இருந்தால் பழைய பேட்டரியின் வகையையே, இஎஃப்பி என்றால் இஎஃப்பி, ஏஜிஎம் என்றால் ஏஜிஎம், கேட்டு வாங்குங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் எட்டாது.

520-ஐ எடுக்குமுன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்திருந்தால் வேறு கேளுங்கள். அங்கேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாட்டும்போது பழையதில் மைனஸை முதலில் கழற்றுங்கள்; புதியதில் பிளஸை முதலில் மாட்டுங்கள்.