பெயிண்டா, வினைல் ரேப்பா? முதலில் பானெட்டைப் பாருங்கள்

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்களுடையது 2014 மாடல் சிவப்பு ஹேட்ச்பேக். ஷெட் கிடையாது, வருஷம் முழுக்க வாசலில்தான் நிற்கும். பானெட்டும் கூரையும் வெளுத்துவிட்டன. சில இடங்களில் தோல் உரிகிற மாதிரி உரிகிறது. பின் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் துரு இருக்கிறது. மேட் மிலிட்டரி பச்சையில் வினைல் ரேப் (வண்டி முழுக்க ஒட்டும் நிற பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிவிடலாம் என்கிறான் மகன். கோயம்புத்தூரில் மூன்றே நாளில் முடித்துத் தருகிறார்களாம். பெயிண்ட் அடிப்பதற்குப் பதில் இது சரிவருமா? நம் ஊர் மழைக்கும் பனிக்கும் தாங்குமா?"

முதலில் அந்தப் பச்சையை விட்டுவிடச் சொல்லுங்கள். ராணுவத்துக்குச் சொந்தமில்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி சொல்கிறது. 'நாங்கள் பெயிண்ட் அடிக்கவில்லை, ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறோம்' என்று ரோட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதுவும் வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்திலேயே இருக்கிற ஊர் நம்முடையது. சாம்பல், நீலம், வெள்ளை என்று வேறு எதையாவது பார்க்கட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரேப் ஃபிலிம் தகரத்தில் ஒட்டுவதில்லை, பெயிண்டில்தான் ஒட்டுகிறது. பெயிண்ட் தகரத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறதோ, அவ்வளவுதான் ரேப்பும் நிற்கும். நல்ல ஃபிலிம்கூடப் பசையோடு சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் வரும். அடியில் ஒரு பொருக்கு இருந்தாலும் மேலே அப்படியே தெரியும். அதனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது 'உரிகிறது' என்ற சொல்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பானெட்டைக் கழுவித் துடைத்து, வெளுத்த இடத்தில் ஈரத்துணியால் ஒருமுறை தடவுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய சிவப்பு தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் அது மேல்பரப்பு வெயிலில் பொடிந்ததாக இருக்கலாம். பாலிஷிலேயே பாதிக்கு மேல் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அப்புறம் உரிந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கீறுங்கள். கண்ணாடிக் காகிதம் மாதிரி செதில் எழும்பி வந்தால் நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமற்ற பூச்சு, அதாவது க்ளியர் கோட்டே விட்டுப்போகிறது என்று அர்த்தம். பார்சல் ஒட்டுகிற அகல டேப்பை அந்த ஓரத்தில் அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு செதில் வந்தால், அந்தப் பேனலில் ரேப் ஒட்டுவது வீண் செலவு. மடிப்பிலும் ஓரத்திலும் இழுத்து ஒட்டிய ஃபிலிம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவைக்கே செதில் தூக்கிக்கொள்ளும். பின்னால் ரேப்பைக் கழற்றும்போது மிச்சம் இருக்கிற பெயிண்டும் சேர்ந்து வரும்.

துருவும் அப்படித்தான். ஃபிலிமால் மூடினால் துரு நிற்காது. உள்ளே தங்கும் ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பரவும். முதலில் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, தேவைப்பட்டால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். பெயிண்ட் அடித்த கையோடு ரேப் ஒட்டவும் கூடாது. புதுப் பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி வெளியேறி முடியச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டால் ஃபிலிமுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும். ஆக, அந்த மூன்று நாள் கணக்கு நல்ல பெயிண்ட் உள்ள வண்டிக்கு. உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது.

நம் ஊருக்குத் தாங்குமா என்று கேட்டீர்கள். ரேப்பின் மேல்பரப்பை மழையும் பனியும் ஒன்றும் செய்யாது. நான் பயப்படுவது வெயிலுக்குத்தான். குளிராக இருக்கிறதே என்று நாம் வெயிலைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 1,000 மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பானெட்டிலும் கூரையிலும் அது முழுசாக விழுகிறது. உங்கள் பெயிண்ட் அந்த இரண்டு இடத்தில் மட்டும் போயிருப்பதும் அதனால்தான். ரேப்பும் முதலில் அங்கேதான் மங்கும். கதவுகளில் ஐந்தாறு வருடம் நிற்கிற நல்ல ஃபிலிம், வாசலில் நிற்கும் வண்டியின் கூரையில் அதற்கு முன்பே வெளுக்கும்.

ஈரம் வேலையைக் காட்டுவது ஓரங்களில். ஜன்னல் ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பாருங்கள். மலையில் வெளியே நிற்கும் காரில் அங்கே பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே ஃபிலிமை உள்ளே மடிக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஐப்பசி மழைக்கே ஓரம் தூக்கும். ஒட்டும்போது 20 டிகிரியை ஒட்டிய வெப்பம் இருந்தால்தான் பசை நன்றாகப் பிடிக்கும். டிசம்பர், ஜனவரி குளிரில் மலையில் திறந்த ஷெட்டில் வைத்து ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வகையில் கோயம்புத்தூர் நல்ல யோசனைதான். ஒட்டி முடித்து ஒரு நாளாவது அங்கேயே நிற்கட்டும். அதற்குப் பிறகு குஞ்சப்பனை வழியாக ஏறி வரலாம்.

எஸ்டேட் ரோட்டில் எதிரே வண்டி வந்து ஒதுங்கும்போது செடி உரசும் சின்னக் கீறலை ரேப் வாங்கிக்கொள்ளும், உண்மைதான். குரங்கு நகத்துக்குத் தாங்காது. கிழிந்தால் அந்தப் பேனலை முழுதாக மாற்ற வேண்டும். வருடங்கள் கழித்து மாற்றினால் புதுத் துண்டின் நிறம் பழையதோடு சேராது.

உங்கள் வண்டிக்கு என் யோசனை இதுதான். முழு ரேப் வேண்டாம். பானெட், கூரை, அந்தச் சக்கர வளைவு மூன்றையும் பெயிண்ட் பூத் (தூசி புகாத மூடிய அறை) வசதி உள்ள நல்ல இடத்தில் அதே சிவப்பில் அடித்துவிடுங்கள். மற்ற பேனல்களை பாலிஷ் செய்தால் நிறம் ஓரளவு சேரும். ஆர்.சி.யில் எந்த மாற்றமும் தேவையில்லை. மூன்று பேனலுக்குப் பெயிண்டும் கொடுத்து, அதன் மேல் முழு வண்டிக்கு ரேப்பும் ஒட்டினால் இரண்டு செலவு. அப்போதும் கதவைத் திறந்தால் உள்ளே சிவப்புதான் தெரியும்.

நிறம் மாறியே ஆக வேண்டும் என்று மகன் நின்றால், பெயிண்ட் வேலை முடிந்து இரண்டு மாதம் போகட்டும். கடையில் காஸ்ட் ஃபிலிமா (வார்த்து எடுத்தது), காலண்டர்டு ஃபிலிமா (உருளையில் அழுத்தி நீட்டியது) என்று கேளுங்கள். காலண்டர்டு விலை குறைவு, ஆனால் நாளாக ஆகச் சுருங்கும், வளைவுகளில் நிற்காது. 3எம், ஏவரி டென்னிசன் போன்ற நிறுவனங்களின் காஸ்ட் ஃபிலிம் ரோலை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஃபிலிமை எப்படி வெட்டுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பெயிண்டின் மேலேயே பிளேடு வைத்து இழுத்தால் கீறல் க்ளியர் கோட்டைத் தாண்டி இறங்கும். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது துருவுக்கு வழி விடுவதுதான். உள்ளே நூல் வைத்த டேப்பை முதலில் ஒட்டி, ஃபிலிமைப் போர்த்தி, நூலை இழுத்து வெட்டுகிற முறை இருக்கிறது. அது தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வேலைக்கு விடுவதற்கு முன்பே ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிறமாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆர்.சி.யில் சிவப்பு என்று இருந்து வண்டி சாம்பலில் ஓடினால் சோதனையில் நிறுத்துவார்கள், விற்கும்போதும் சிக்கல். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டு, நகலை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.