பசு காலையில் பருவத்துக்கு வந்தால் சினை ஊசியை (விந்தைக் கருப்பையில் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) உடனே போடலாமா?

வேண்டாம், மாலை வரை பொறுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. கத்துகிறதே என்று பதறிப் போடும் ஊசி பல நேரம் வீண்தான்.

காரணம் இதுதான்: பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அது அடங்கி 10–12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். விந்தணு உள்ளே ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். முட்டைக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. ஆகவே விந்தணு முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும், ஆனால் ரொம்ப முன்னதாக அல்ல.

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள், பசித்தாலும் கத்தும். இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்கிறதா என்று பாருங்கள், அதுதான் உறுதியான அடையாளம். பின்புறம் கண்ணாடி இழை போலத் தெளிவான சளி தொங்கும், வாலில் ஒட்டிக் காய்ந்தும் இருக்கும். அதற்குப் பதில் ரத்தம் கசிந்தால் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளாகிவிட்டது. தேதியைக் குறித்துவைத்து, 16 நாள் கழித்து அடுத்த பருவம் வருகிறதா என்று மறுபடி கவனிக்கத் தொடங்குங்கள். சளி கலங்கிச் சீழ் போல வந்தால் ஊசியே கூடாது, முதலில் கால்நடை மருத்துவர் கருப்பையைப் பார்க்கட்டும்.